பெயர் மாறிய சேனலும் மாற வேண்டிய நிகழ்ச்சி நிரலும்: பொதிகையிலிருந்து டிடி தமிழ் வரை



2024 ஜனவரி 19-ஆம் தேதி மாலை சென்னை நேரு விளையாட்டரங்கில் 'கேலோ இந்தியா' இளைஞர் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழா நடந்தது. அதே மேடையில் பிரதமர் நரேந்திர மோடி இன்னொன்றையும் தொடங்கிவைத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக 'பொதிகை' என்று தமிழர்கள் அழைத்துவந்த தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனல், அன்று முதல் 'டிடி தமிழ்' ஆனது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்குமாக அன்று அறிவிக்கப்பட்ட, ஏறத்தாழ 250 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டங்களில் இதுவும் ஒன்று. புதிய லோகோ வந்தது. புதிய அரங்குகள், புதிய தொடர்கள், புதிய புரோமோக்கள் வந்தன. 'ஒளியும் ஒலியும்' என்ற பழைய பெயரும் நிகழ்ச்சிப் பட்டியலுக்குத் திரும்பியது.

தூர்தர்ஷனின் மாநில மொழிச் சேனல்களுக்குப் பெயர் வைத்த விதத்தில் ஓர் அழகு உண்டு. மராத்திச் சேனலுக்கு சஹ்யாத்ரி. குஜராத்திக்கு ஜூனாகத்தின் கிர்னார் மலை. ஆந்திரத்துக்குத் திருமலையின் ஏழு மலைகளைக் குறிக்கும் சப்தகிரி. தெலங்கானா தனி மாநிலமானபோது 2014-இல் அதன் சேனலுக்கு யாதகிரி. கன்னடத்துக்குச் சந்தன மரத்தின் பெயரால் சந்தனா. தமிழுக்கு, தாமிரபரணி பிறக்கும் பொதிகை. வங்காளம், மலையாளம், பஞ்சாபி போன்ற சேனல்கள் மட்டும் மொழியின் பெயரையே தாங்கிவந்தன. 2024-இல் தமிழ், மலைகளின் வரிசையிலிருந்து மொழிகளின் வரிசைக்கு மாறியது. பொதிகை என்ற பெயரை இழந்ததில் பலருக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் ஒரு சேனல் தன் பெயராகவே ஒரு மொழியை எடுத்துக்கொள்ளும்போது, அந்த மொழி பேசும் மக்களுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்ததாகவே பொருள். அந்த வாக்குறுதி காப்பாற்றப்படுகிறதா என்பதை லோகோவில் பார்க்க முடியாது. காலை முதல் இரவு வரை எந்த நேரத்தில் எது ஒளிபரப்பாகிறது என்று காட்டும் நிகழ்ச்சி நிரலில்தான் பார்க்க முடியும். தொலைக்காட்சிக்காரர்கள் அதை ஃபிக்ஸட் பாயிண்ட் சார்ட் என்பார்கள். இந்த உரை அந்த நிரலைப் பற்றியது.

முதலில் சின்னத்தின் கதை. தூர்தர்ஷனின் புகழ்பெற்ற அந்தக் 'கண்', அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பிறந்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக 14 வடிவங்களைக் கொடுத்தார்கள். அவற்றிலிருந்து, தேவாஷிஷ் பட்டாச்சாரியா என்ற மாணவர் வரைந்ததைப் பிரதமர் இந்திரா காந்தி தேர்ந்தெடுத்தார். நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒன்றையொன்று தழுவும் இரு வளைவுகள். அவ்வளவுதான். அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.எல். மிஸ்திரி, அந்த வடிவத்தின் படிகளைக் கேமராவுக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் படமெடுத்து அதற்கு அசைவு கொடுத்தார். கணினி வரைகலை இந்தியத் தொலைக்காட்சியை எட்டாத காலம் அது. பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய்க் கலைஞர் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து முகப்பிசை அமைத்தார்கள். 1976 ஏப்ரல் 1-ஆம் தேதி தூர்தர்ஷன் அகில இந்திய வானொலியிலிருந்து பிரிந்து தனித்துறையானது. அன்றுதான் அந்த இசை முதன்முதலாக ஒலித்தது. சுழன்று வந்து கூடும் அந்த வளைவுகளையும் மெல்ல எழும் ஷெனாயையும் நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த அவையிலேயே பாதிப்பேர் இருப்பார்கள்.

2017-இல் புதிய லோகோ வேண்டும் என்று தூர்தர்ஷன் நாடு முழுவதற்கும் ஒரு போட்டி அறிவித்தது. இளைஞர்களைக் கவர வேண்டும் என்பது நோக்கம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்து குவிந்தன. ஆனாலும் கண் நிலைத்தது.

2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரத்தில், டிடி நியூஸ் சேனலின் லோகோ சிவப்பிலிருந்து காவிக்கு மாறியது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி ஜவஹர் சர்க்கார் அதைக் கண்டித்தார். தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் கண்டித்தார். அது ஆரஞ்சு நிறம், திரையில் பளிச்சென்று தெரிவதற்காகச் செய்த மாற்றம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. தனியார் சேனல் ஒன்று தன் நிறத்தை மாற்றினால் அது விளம்பரத் துறையின் கவலை. பொதுப்பணத்தில் நடக்கும் சேனல் நிறம் மாறினால், அந்தச் சேனல் யாருடையது என்று மக்கள் கேட்பார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருவோம்.

1959 செப்டம்பர் 15-ஆம் தேதி டெல்லியில் சிறிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, யுனெஸ்கோவின் உதவியோடு இந்தியத் தொலைக்காட்சி தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும். அது சோதனை ஒளிபரப்பு. அன்றாட ஒளிபரப்பு 1965-இல் வந்தது. 1967 குடியரசு நாளில் உழவர்களுக்கான 'கிருஷி தர்ஷன்' தொடங்கியது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைப் பயன்படுத்தி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி, உழவு, உடல்நலம் பற்றிய நிகழ்ச்சிகளை இஸ்ரோ கொண்டுசென்றது. 'சைட்' என்று பெயர்பெற்ற அந்தத் திட்டத்தில், பெருநகரங்கள் பலவற்றுக்குத் தொலைக்காட்சி வருவதற்கு முன்பே மின்வசதி குறைந்த ஊர்களின் பொதுவிடங்களில் திரை ஒளிர்ந்தது. இந்தியாவில் தொலைக்காட்சி எதற்காக என்ற கேள்விக்கு முதல் தலைமுறை கொடுத்த விடை அது.

சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி தொடங்கியது. சுவாமி சிவானந்தா சாலையிலுள்ள அந்த வளாகத்திலிருந்து மாலை நேரங்களில் மட்டும் கறுப்பு வெள்ளையில் நிகழ்ச்சிகள் வந்தன. தெருவில் ஒரு வீட்டில் டிவி இருந்தால் தெருவே அங்கே கூடியது. படம் தடைபட்டால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டை வந்து நிற்கும். அட்டையையும் பார்த்துக்கொண்டு கூட்டம் கலையாமல் உட்கார்ந்திருக்கும்.

அந்தக் காலத்து நிரலை நினைவிலிருந்து ஒப்பிக்கத் தமிழர்களால் இன்றும் முடியும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்'. திரைப்பாடல்களுக்கு வாரத்தில் அந்த அரை மணி நேரம்தான். ஞாயிறு மாலை தமிழ்த் திரைப்படம். ஞாயிறு பிற்பகலில் விருது பெற்ற மாநில மொழிப் படம். சத்தியஜித் ராயையும் அடூர் கோபாலகிருஷ்ணனையும் திரைப்படச் சங்கங்களின் வாசலை மிதிக்காத தமிழ்க் குடும்பங்கள் அறிந்துகொண்டது அந்தப் பிற்பகல்களில்தான். நேயர் கடிதங்களைப் படித்து நிலையமே பதில் சொல்லும் 'எதிரொலி'. நாடகம், கர்நாடக இசை, சிறுவர் நிகழ்ச்சி. வெள்ளிக்கிழமைப் பாட்டுக்காக உட்கார்ந்தவர்கள், அதற்கு முன்னால் வந்த உழவர் நிகழ்ச்சியையும் செய்தியையும் பார்த்தார்கள். ஒரே சேனல் இருந்த காலத்தின் நன்மை அது. விரும்பியதற்காக வந்தவர்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியதும் கிடைத்தது.

'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வேளாண் அதிகாரி ஒருவர் வரப்பில் நிற்பார். பக்கத்தில் அந்த வயலுக்குச் சொந்தக்காரரான உழவர். விதை நேர்த்தி எப்படிச் செய்வது, ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை, இலை மஞ்சளாவதற்குக் காரணம் சத்துக்குறைவா நோயா என்று கேள்வியும் பதிலுமாகப் போகும். கேமரா நெல்லின் தூரை அருகில் காட்டும். நகரத்துப் பார்வையாளர்களுக்கு அது மெதுவாகத் தெரிந்தது. ஆனால் நாற்று நட்டுவிட்டு அடுத்த வேலையை யோசித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த மெதுவே தேவையாக இருந்தது. மருந்தின் பெயரையும் அளவையும் குறித்துக்கொள்ள அவகாசம் வேண்டுமல்லவா? பார்வையாளர் யார் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு எடுத்த நிகழ்ச்சி அது. வேகத்தையும் மொழியையும் ஒளிபரப்பும் நேரத்தையும் அந்தப் பார்வையாளரே தீர்மானித்தார்.

1982 ஆகஸ்ட் 15-இல் வண்ண ஒளிபரப்பும், நாடு முழுவதற்கும் டெல்லியிலிருந்து வரும் தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. அந்த ஆண்டு நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 1984-இல் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் நாடெங்கும் கோபுரங்கள் எழுந்தன. அதே ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி 'ஹம் லோக்' வந்தது. மெக்சிகோவில் மிகுவேல் சாபிதோ உருவாக்கிய, கல்வியைக் கதைக்குள் வைக்கும் தொடர்முறையை முன்மாதிரியாகக் கொண்டு, மனோகர் ஷியாம் ஜோஷி எழுதிய தொடர் அது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிப் பார்வையாளர்களோடு பேசினார். லட்சக்கணக்கில் கடிதங்கள் வந்தன. 1987 ஜனவரி 25 முதல் 'ராமாயண்', 1988 அக்டோபர் 2 முதல் 'மகாபாரத்'. 94 பகுதிகளுக்கு ஓடிய மகாபாரதம் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை அடியோடு மாற்றியது.

இந்த வெற்றிக் கதையின் இன்னொரு பக்கம் தமிழ்நாட்டில் தெரிந்தது. பிரைம் டைம் என்று சொல்லப்படும் இரவு நேரம் முழுவதும் டெல்லிக்குப் போயிற்று. தமிழில் செய்தி முடிந்து இந்திச் செய்தி தொடங்கியதும் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட எழுந்த வீடுகள் எண்ணற்றவை. புராணத் தொடர்களுக்கு மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அன்றாட நாடகங்களும் விவாதங்களும் புரியாத மொழியில் வந்தபோது ஓர் இடைவெளி உருவானது. சென்னை நிலையத்துக்குத் திறமை குறைவில்லை. கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' வந்தது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொன்ன, சுஹாசினியின் 'பெண்' வந்தது. ஆர்.கே. நாராயணின் கதைகளை ஷங்கர் நாக் 'மால்குடி டேஸ்' ஆக்கியபோது அதற்கு இசையமைத்தவர் நம் எல். வைத்தியநாதன். ஆனால் தமிழில் நல்ல தொடர் எடுக்க ஆள் இருந்தும், தமிழுக்கு நல்ல நேரம் கிடைக்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் 1993 ஏப்ரல் 14-ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டு நாளில், சன் டிவி வந்தது. பாட்டுக்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டியதில்லை. படத்துக்கு ஞாயிறு வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரவு முழுவதும் தமிழ். 1990-களின் முடிவுக்குள் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட கேபிள் கம்பி ஓடியது. 2006-இல் வந்த அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது, டிவி இல்லாத வீடு என்பதே அரிதாயிற்று. அத்தனை வீடுகளிலும் தூர்தர்ஷன் சேனல்கள் கிடைத்தன. 1995-இன் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம், தூர்தர்ஷன் சேனல்களையும் அந்தந்த மாநில மொழிச் சேனலையும் கேபிள்காரர்கள் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே பொதிகை மக்களைச் சென்றடையவில்லை என்று சொல்ல முடியாது. வீட்டுக்குள் வந்தது, மக்கள் ரிமோட்டில் தாண்டிப்போனார்கள்.

இந்த இடத்தில் பிராண்டு மாற்றம் பற்றிய பாடம் ஒன்றைத் தூர்தர்ஷனின் சொந்த வரலாற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பெருநகரங்களில் ஓடிய இரண்டாவது சேனல்களை இணைத்து 1993 ஜனவரி 26-இல் டிடி மெட்ரோ உருவானது. தனியார் சேனல்களுக்கு ஈடுகொடுக்கும் பொழுதுபோக்குச் சேனலாக அது வளர்ந்தது. 2000-இல் அதன் இரவு 7 முதல் 10 மணி வரையிலான நேரத்தை, ஆஸ்திரேலியாவின் நைன் நெட்வொர்க் பங்குபெற்ற எச்.எஃப்.சி.எல்.-நைன் நிறுவனம் ஏறத்தாழ 121 கோடி ரூபாய்க்கு ஓராண்டுக்கு எடுத்தது. 'நைன் கோல்டு' என்ற பெயரில் அந்த மூன்று மணி நேரமும் புதுமுகம் பெற்றது. ஓராண்டு முடிந்ததும் ஏற்பாடும் முடிந்தது. 2003 நவம்பர் 3-இல் டிடி மெட்ரோவே இல்லாமல் போய், அந்த இடத்தில் டிடி நியூஸ் வந்தது. பதினோரு ஆண்டுக்குள் ஒரு சேனல் பிறந்து, தன் சிறந்த நேரத்தை வெளியாருக்குக் கொடுத்து, மறைந்தும் போயிற்று. தன் நேரத்தைத் தானே நிரப்பும் வலிமையை அது வளர்த்துக்கொள்ளவில்லை. நேரத்தை விற்றவுடன் பார்வையாளரோடு இருந்த உறவும் விற்கப்பட்டது.

வெளிநாட்டில் இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிரிட்டனின் பிபிசி த்ரீ இளைஞர்களுக்கான சேனல். செலவைக் குறைப்பதற்காக 2016 பிப்ரவரியில் அதன் ஒளிபரப்பை நிறுத்தி இணையத்துக்கு மட்டும் மாற்றினார்கள். ஆனால் புதியவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்துத் தொடர் எடுக்கும் வேலையை நிறுத்தவில்லை. 'ஃப்ளீபேக்' தொடர் அந்த ஆண்டில்தான் வந்தது; 2019-இல் எம்மி விருதுகளை வாரிக்கொண்டது. 2022 பிப்ரவரியில் பிபிசி த்ரீ மீண்டும் தொலைக்காட்சித் திரைக்குத் திரும்பியது. ஆறு ஆண்டுகள் திரையே இல்லாமல் இருந்தும் அந்தப் பெயர் உயிரோடு இருந்ததற்கு அதன் நிகழ்ச்சிகளே காரணம்.

தமிழுக்கு நெருக்கமான இன்னோர் எடுத்துக்காட்டு சிங்கப்பூரின் வசந்தம். மீடியாகார்ப் நிறுவனத்தில் 'வசந்தம் சென்ட்ரல்' என்ற பெயரில், சிறுவர் நிகழ்ச்சிகளோடும் கலை நிகழ்ச்சிகளோடும் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொண்டிருந்த தமிழ் ஒளிபரப்பு, 2008 அக்டோபரில் 'வசந்தம்' என்ற தனிச் சேனலானது. பெயர் சுருங்கியது, நேரம் பெருகியது. கூடுதலான நேரத்தில் உள்ளூர்த் தமிழர்கள் நடித்து, எழுதி, இயக்கிய தொடர்களுக்கு இடம் கிடைத்தது. அங்கே பெயர் மாற்றத்தோடு மக்களுக்குக் கூடுதலாக என்ன கிடைத்தது என்று விரல்விட்டுச் சொல்ல முடிந்தது. டிடி தமிழிடமும் அதைத்தான் கேட்க வேண்டும்.

டிடி தமிழின் புதிய நிரலில் குடும்பத் தொடர்கள் இருக்கின்றன. திரைப்படங்களும் திரைப்பாடல்களும் இருக்கின்றன. பொதுச் சேனலில் பொழுதுபோக்கு இருப்பதில் தவறே இல்லை. 'ஒளியும் ஒலியும்' அந்த மரபில் வந்ததுதான். ஆனால் மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை தொடர்களை அடுக்கித் தனியார் சேனல்களோடு மோதினால், வெற்றி அவர்களுக்கே. அவர்களிடம் பணம் இருக்கிறது. நடிகர்களின் பட்டாளம் இருக்கிறது. டி.ஆர்.பி. குறைந்தால் மறுவாரமே கதையைத் திருப்பும் வேகம் இருக்கிறது. தூர்தர்ஷனிலோ ஒரு தொடருக்கு அனுமதி கிடைப்பதற்குள் கோப்பு பல மேசைகளைக் கடக்க வேண்டும். ஸ்பான்சர் பிடித்து வருபவருக்கு ஸ்லாட் கொடுக்கும் பழைய முறையில், பணம் கொண்டுவருபவரே உள்ளடக்கத்தையும் தீர்மானித்தார். அந்த வழியில் இன்னொரு முறை போகத் தேவையில்லை.

சட்டம் காட்டும் வழியும் அதுவல்ல. 1978-இல் பி.ஜி. வர்கீஸ் குழு தன்னாட்சி ஒளிபரப்பைப் பரிந்துரைத்தது. 1984-இல் பி.சி. ஜோஷி குழு, இந்தியத் தொலைக்காட்சிக்கு இந்திய முகம் வேண்டும் என்று அறிக்கை தந்தது. 1990-இல் பிரசார் பாரதிச் சட்டம் நிறைவேறியது. 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, நிறுவனத்தின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. குடிமக்களின் தகவல் பெறும் உரிமையைக் காத்தல், கல்வி, உழவு, கிராம வளர்ச்சி, சுற்றுச்சூழல், உடல்நலம், அறிவியல், பல்வேறு பகுதிகளின் மொழிகளும் பண்பாடுகளும், பெண்கள், நலிந்த பிரிவினர், பழங்குடியினர், சிறுபான்மையினர். இது ஏறத்தாழ ஒரு நிகழ்ச்சி நிரலே. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. அரசின் சொத்து என்று சொல்லவில்லை; பொதுமக்களின் சொத்து என்று சொன்னது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை, வானொலி, தொலைக்காட்சிக் கட்டமைப்பை மேம்படுத்த 2025-26 வரைக்குமாக 2,539.61 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதுவும் மக்கள் பணம்.

பெயரில் கொடுத்த வாக்குறுதி எவ்வளவு விரைவில் சோதனைக்கு வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 அக்டோபர் 18-ஆம் தேதி டிடி தமிழ் வளாகத்தில், சென்னைத் தொலைக்காட்சியின் பொன்விழாவும் இந்தி மாத நிறைவு விழாவும் ஒரே மேடையில் நடந்தன. ஆளுநர் ஆர்.என். ரவி கலந்துகொண்ட அந்த விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடப்பட்டபோது ஒரு வரி விடுபட்டது. முதலமைச்சர் கண்டனம் தெரிவித்தார். டிடி தமிழ் மன்னிப்புக் கேட்டது. தமிழைத் தன் பெயராக வைத்துக்கொண்ட சேனல், தன் ஐம்பதாண்டு விழாவைத் தமிழுக்கென்று தனியே நடத்தியிருக்க வேண்டும். அந்த விழாவில் பேசப்பட்டிருக்க வேண்டியவை ஐம்பது ஆண்டு நிகழ்ச்சிகள். மறுநாள் பேசப்பட்டதோ விடுபட்ட வரி ஒன்றுதான்.

அப்படியானால் டிடி தமிழின் நிரலில் என்ன இருக்க வேண்டும்? தனியார் சேனல் எதுவும் எடுக்காத, ஆனால் மக்களுக்கு வேண்டிய நிகழ்ச்சிகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன.

டெல்டா உழவரை எடுத்துக்கொள்வோம். சம்பாப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகை கட்ட நவம்பர் நடுப்பகுதி வரை அவகாசம். அதற்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பயிர் விவரம் காட்டும் அடங்கல் சான்று வாங்க வேண்டும். அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால், ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பார்கள். மழை பெய்தால் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழும்; தளர்வு வந்ததா இல்லையா என்பது நெல்லைச் சாலையில் குவித்துவைத்திருப்பவருக்கு உடனே தெரிய வேண்டும். இந்தச் செய்திகள் தனியார் சேனலின் விவாத மேடையில் வருவதில்லை. தினமும் மாலையில், மாறாத ஒரு நேரத்தில், மாவட்டவாரியாக இவற்றைச் சொல்லும் அரை மணி நேரம் ஒன்று டிடி தமிழில் இருந்தால், அந்த அரை மணி நேரத்துக்குப் போட்டியே கிடையாது. 'வயலும் வாழ்வும்' என்ற பெயர் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

கடலோரத்துக்கும் அதே அளவு கடமை உண்டு. துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், எத்தனையாம் எண் கூண்டு, எந்தத் துறைமுகம், எப்போது வரை கடலுக்குப் போகக்கூடாது என்பதை நுங்கம்பாக்கம் வானிலை மையத்திலிருந்து நேரடியாக, பதற்றம் கூட்டாமல் சொல்லும் சேனல் ஒன்று வேண்டும். பிரேக்கிங் நியூஸ் இசைக்குக் கீழே மீனவருக்கு வேண்டிய தகவல் அமுங்கிப் போகிறது.

இசையில் தூர்தர்ஷனுக்கு இன்றும் ஈடில்லாத இடம் உண்டு. புஷ்ய மாதப் பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் காவிரிக் கரையில் அமர்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவதை அது நேரடியாக ஒளிபரப்புகிறது. அந்த ஒரு காலைப்பொழுதில் வீட்டிலிருந்தே கூடவே பாடுபவர்கள் ஏராளம். அதே மரியாதையோடு நாதஸ்வரத்துக்கும் பறைக்கும் தெருக்கூத்துக்கும் தோல்பாவைக் கூத்துக்கும் வாரந்தோறும் ஒரு நேரம் கிடைக்க வேண்டும். புரிசைக் கிராமத்தில் விடிய விடிய நடக்கும் கூத்து, ஐந்து நிமிடத் துணுக்காக இல்லாமல் முழுதாகப் பதிவாக வேண்டும்.

தமிழ்க் குழந்தைகளின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. அவர்கள் பார்ப்பதில் பெரும்பகுதி ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எடுத்து மொழிமாற்றம் செய்யப்பட்ட கார்ட்டூன்கள். தமிழ்நாட்டுப் பறவையை, தமிழ்நாட்டு ஊரை, தமிழ்ச் சிறார் கதையை மூலமாகக் கொண்ட நிகழ்ச்சி தயாரிக்கத் தனியாருக்கு லாபம் போதவில்லை. லாபம் போதாத இடத்தில் செயல்படவே பொதுத் தொலைக்காட்சி உருவானது. பள்ளி விட்டு வரும் நேரத்தில் தினமும் ஒரு மணி நேரத்தைச் சிறாருக்கென்று ஒதுக்குவது டிடி தமிழ் உடனே எடுக்கக்கூடிய முடிவு.

பழைய பதிவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டேப்பின் விலை அதிகமாக இருந்த காலத்தில் ஒளிபரப்பானவற்றை அழித்து அதே டேப்பில் புதிதாகப் பதிந்தார்கள். அதனால் இழந்தவை மீளா. எஞ்சியவற்றில் நாடகங்கள், கச்சேரிகள், எழுத்தாளர்களின் பேட்டிகள், ஊர்களைப் பற்றிய ஆவணப்படங்கள் இருக்கின்றன. யூடியூபில் சில அவ்வப்போது வருகின்றன. 2020 ஊரடங்கில் மார்ச் 28 முதல் 'ராமாயண்' மறுஒளிபரப்பானபோது, முப்பது ஆண்டுக்கு முந்தைய தொடரைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். காப்பகத்துக்கு இருக்கும் வலிமைக்கு அதைவிடச் சான்று தேவையில்லை. 2024 நவம்பரில் பிரசார் பாரதி 'வேவ்ஸ்' என்ற ஓ.டி.டி. தளத்தையும் தொடங்கிவிட்டது. ஒளிபரப்பான தேதி, கலைஞர் பெயர், தயாரிப்பாளர் பெயர் ஆகிய குறிப்புகளோடு சென்னை நிலையத்தின் பதிவுகள் முழுவதும் அங்கே தமிழில் தேடிக் கிடைக்க வேண்டும்.

செய்தியைப் பொறுத்தவரை கேட்பது எளிது, செய்வது கடினம். மத்தியில் யார் ஆண்டாலும், மாநிலத்தில் யார் ஆண்டாலும், இரு பக்கத்தின் குரலும் சம அளவில் வரும் ஒரே தமிழ்ச் செய்தி என்ற பெயரை டிடி தமிழ் வாங்க முடியும். கட்சி சார்ந்த சேனல்கள் நிறைந்த தமிழ்நாட்டில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. அரசின் ஊதுகுழல் என்ற பழைய பழிச்சொல்லை நீக்கும் ஆற்றல் லோகோவுக்கு இல்லை. அமைச்சர் விழாவுக்குக் கொடுக்கும் நேரத்தைக் குறைத்து, அந்த அமைச்சரின் துறையால் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பதில்தான் அது தொடங்கும்.

இவற்றுக்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை. சிவானந்தா சாலை வளாகத்தில் அரங்குகள் இருக்கின்றன. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் 2004 முதல் இருக்கிறது. அதில் இடம்பிடிக்கத் தனியார் சேனல்களே ஏலத்தில் போட்டியிடுகின்றன. நாட்டுப்புறக் கலையையும் வேளாண்மையையும் அறிந்த தயாரிப்பாளர்களை மறுபடி பணியமர்த்தி, நிகழ்ச்சி நிரலை அவர்கள் கையில் கொடுக்கும் மனம் வேண்டும்.

பார்வையாளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இங்கே கூடியிருக்கும் நீங்கள் இந்த வாரத்தில் ஒரு நாள், காலை முதல் இரவு வரை டிடி தமிழில் என்னென்ன வருகிறது என்று குறித்துப் பாருங்கள். உங்கள் ஊர், உங்கள் தொழில், உங்கள் வீட்டுக் குழந்தை அதில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இல்லாததைச் சென்னை நிலையத்துக்குக் கடிதமாக எழுதுங்கள். பிரசார் பாரதிக்கும் எழுதுங்கள். கடிதங்களைத் திரையிலேயே படித்துப் பதில் சொன்ன 'எதிரொலி'யை, இன்றைய தொலைபேசி அழைப்புகளோடும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளோடும் மீண்டும் வாரந்தோறும் நடத்துமாறு கேளுங்கள். சேனலின் உரிமையாளர்கள் நீங்கள். உங்கள் கேள்விக்கு நிலைய இயக்குநர் திரையில் தோன்றிப் பதில் சொல்லும்வரை விடாதீர்கள்.